ஊழியருக்கு ஒரு கணக்கு, நிர்வாகத்துக்கு ஒரு கணக்கு: அலுவலக வேலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களும், அத்தகைய சிறு நிறுவனங்களைச் சொந்தமாக நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சிலவற்றுக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. மற்றவற்றுக்கு, இரு தரப்பும் தமக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்லிக்கொண்டால்தான் விடை கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஊழியரும் நிர்வாகமும் ஒரே நிறுவனத்துக்காகத்தானே உழைக்கிறார்கள்? அவர்களுடைய நோக்கங்கள் எங்கே பிரிகின்றன?

ஓர் எல்லை வரை அவை ஒன்றாகவே செல்கின்றன. நிறுவனம் மூடப்பட்டால் இருவருக்கும் நட்டம். நல்ல வாடிக்கையாளர் கிடைத்தால் இருவருக்கும் நிம்மதி. ஊழியருக்கு வருமானமாக இருக்கும் சம்பளம் நிர்வாகத்தின் ஏட்டில் செலவாக எழுதப்படுகிறது என்பது பிரிவுக்கு எல்லோரும் அறிந்த காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஆளை வேலைக்கு எடுக்கும்போது நிர்வாகம் விலை கொடுத்து வாங்குவது அவருடைய நேரத்தை. அதற்குத் தேவைப்படுவதோ வேலை. ஒரு நாளின் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு வேலை நடக்கும், அது எத்தனை அக்கறையோடு நடக்கும் என்பதை எந்த ஒப்பந்தத்திலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. எழுத முடியாமல் விடுபட்ட அந்த இடத்தை நிரப்பத்தான் வருகைப் பதிவும், வாராந்தர அறிக்கையும், அப்ரைசல் என்னும் ஆண்டு மதிப்பீடும், பாராட்டு மடலும், அச்சுறுத்தலும் வந்து சேர்கின்றன.

மென்பொருள் சேவை நிறுவனங்களில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை, இத்தனை பேர் இத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பில் அனுப்பி வருமானம் ஈட்டுகின்றன. ஒரு ப்ராஜெக்டில் இருக்கும் ஊழியர் வரவு. ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அதே ஊழியர் செலவு. ஒரு வங்கியின் பழைய கணக்கு மென்பொருளை ஐந்து ஆண்டுகளாகப் பராமரித்துவரும் பொறியாளரை எண்ணிப் பாருங்கள். அவர் அந்த வேலையை எவ்வளவு சிறப்பாகச் செய்கிறாரோ அந்த அளவுக்கு வாடிக்கையாளர் அவரை விட மறுப்பார். வாடிக்கையாளர் விட மறுப்பதால் மேனேஜரும் விடமாட்டார். ஆனால் அந்தப் பொறியாளருக்கு வெளிச்சந்தையில் மதிப்புக் கூட வேண்டுமென்றால் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறியாக வேண்டும். நன்றாக வேலை செய்ததன் பலனாகவே அவருடைய வளர்ச்சி தடைப்படுகிறது. இதில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இருவருடைய நலனும் ஒரே மனிதரின் ஒரே நாளின் மேல் வெவ்வேறு உரிமை கோருகின்றன.

“நாம் எல்லோரும் ஒரே குடும்பம்” என்று நிர்வாகம் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

அந்தச் சொல்லைச் சொல்பவர் பல சமயம் மனதாரத்தான் சொல்கிறார். மருத்துவமனையில் கிடந்த ஊழியருக்காக நள்ளிரவில் ஓடிய முதலாளிகளும் உண்டு. முதலாளியின் நெருக்கடி தீரும் வரை சம்பளத்தைப் பொறுத்துக்கொண்ட ஊழியர்களும் உண்டு. அந்த உறவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் குடும்பத்தில் வருமானம் குறைந்துவிட்டது என்பதற்காகத் தம்பியை வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. நிறுவனம் அனுப்பும், சில வேளைகளில் அனுப்பாமல் அதனால் பிழைக்கவும் முடியாது. ஆகவே கூடுதல் உழைப்பைக் கேட்கும்போது மட்டும் குடும்பமாகவும், கணக்குத் தீர்க்கும்போது ஒப்பந்தமாகவும் பேசுவது நேர்மையாகாது. ஊழியரும் விடுப்புக் கேட்கும்போது உறவைச் சொல்லி, விலகும்போது மட்டும் ஆஃபர் லெட்டரின் வரிகளை நீட்டக் கூடாது.

அப்ரைசலில் என் உழைப்புக்கு ஏற்ற ரேட்டிங் ஏன் கிடைப்பதில்லை?

ரேட்டிங் உங்கள் உழைப்பை அளக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்கள். நிர்வாகத்துக்கு அது சம்பள உயர்வுக்கென ஒதுக்கப்பட்ட தொகையைப் பங்கிடும் கருவியும் ஆகும். பல நிறுவனங்களில், ஒரு குழுவில் இத்தனை விழுக்காட்டினருக்குத்தான் உயர்ந்த மதிப்பீடு, இத்தனை விழுக்காட்டினருக்குக் கட்டாயம் தாழ்ந்த மதிப்பீடு என்று மணி வடிவ வளைகோட்டை முன்கூட்டியே வரைந்துவிடுகிறார்கள். பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேருமே திறமையாக உழைத்திருந்தாலும் யாரோ ஒருவர் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டாக வேண்டும். அவரிடம் காரணம் சொல்ல வேண்டிய மேனேஜர், காரணம் தேடி ஆண்டு முழுவதும் எழுந்த சிறு பிழைகளைத் துருவுகிறார். அந்த அறையிலிருந்து வெளியே வருபவர் அவமானப்பட்டு வருகிறார். உண்மையில் அங்கே நடந்தது ஒரு பங்கீட்டுக் கணக்கு.

இதன் இரண்டாவது விளைவு இன்னும் கெடுதலானது. எது அளக்கப்படுகிறதோ அதற்காகவே மக்கள் உழைக்கத் தொடங்குகிறார்கள். தீர்த்த டிக்கெட்டுகளின், அதாவது பதிவான புகார்களின், எண்ணிக்கையை அளந்தால் எளிய டிக்கெட்டுகள் விரைவாகத் தீரும்; கடினமானவை அடுத்தவர் மேசைக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அருகில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தவரின் உழைப்பு எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. பிறகு, கூட்டு மனப்பான்மை இல்லை என்று நிர்வாகமே வருந்துகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஊழியர்களை ஒருவருக்கொருவர் எதிராக வரிசைப்படுத்தும் இத்தகைய முறையை 2013 இல் கைவிட்டது. அத்தனை பெரிய நிறுவனமே விட்டொழித்த ஒன்றை நம்மூர் நடுத்தர நிறுவனங்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

பல ஆண்டுகளாக இருக்கும் என்னைவிடப் புதிதாக வந்தவருக்கு ஏன் அதிகச் சம்பளம்?

புதியவருக்குச் சந்தை விலை கொடுத்தால்தான் வருவார். உங்களுக்குப் பழைய சம்பளத்தின் மேல் சில விழுக்காடு கூட்டினால் போதும், நீங்கள் இருந்துவிடுவீர்கள் என்பது நிர்வாகத்தின் கணிப்பு. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் ஆகியவை உங்களை அசையவிடாமல் வைத்திருக்கின்றன என்பதும் அந்தக் கணிப்பில் அடக்கம். இந்தக் கணிப்பு சில ஆண்டுகள் பலிக்கும். பிறகு, நிறுவனத்தின் நுணுக்கங்களை அறிந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போகத் தொடங்குவார்கள். வேறிடத்து ஆஃபரைக் காட்டிய பிறகே சம்பளத்தை உயர்த்தும் நிறுவனம், வெளியே வேலை தேடும் பழக்கத்தைத் தன் ஊழியர்களுக்குத் தானே கற்பிக்கிறது.

விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை செய்ய வேண்டிய நோட்டீஸ் பீரியட் ஏன் மூன்று மாதம் வரை நீள்கிறது? கட்டாயம் முடிக்க வேண்டுமா?

பொறுப்பை ஒப்படைக்கவும் மாற்றாளைத் தேடவும் அவகாசம் வேண்டும் என்பது நிர்வாகம் சொல்லும் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. சொல்லாமல் விடும் காரணம், தொண்ணூறு நாள் காத்திருக்கப் புதிய நிறுவனம் தயங்கும், அதனால் ஊழியர் விலகுவதே கடினமாகும் என்பது. இந்தத் தடையைச் சுவராகப் பயன்படுத்தும் நிறுவனங்கள், தாம் ஆள் எடுக்கும்போது மட்டும் உடனடியாகச் சேரக்கூடியவர்களைத் தேடுகின்றன. ஊழியர்களும் இதைத் திருப்பிக்கொண்டார்கள்: அந்த மூன்று மாதத்துக்குள் கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டை வாங்கி, கடைசி நாளில் அதிகம் கொடுப்பவரிடம் போய்ச் சேர்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் சேர்ந்து கட்டிய சுவரில் எல்லா நிறுவனங்களும் முட்டிக்கொள்கின்றன.

சட்டத்தைப் பொறுத்தவரை, தனிமனித உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்றும்படி நீதிமன்றம் ஆணையிடாது. ஒருவரைப் பிடித்துவைத்து வேலை வாங்க யாராலும் முடியாது. ஆனால் ஒப்பந்தப்படி அறிவிப்புக் காலத்தை முடிக்காதவர் அதற்கு ஈடான தொகையைக் கொடுக்க நேரிடலாம். ஆகவே ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும்போதே, பணம் கட்டி முன்கூட்டி விலகும் உரிமை தமக்கு இருக்கிறதா, அல்லது அது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் உங்களை அனுப்புவதற்கு எத்தனை நாள், நீங்கள் விலகுவதற்கு எத்தனை நாள் என்ற இரண்டு எண்களும் சமமாக இல்லாத கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாண்டு எழுதி வாங்குவது செல்லுமா? அசல் சான்றிதழ்களை வாங்கிவைத்துக்கொள்ளலாமா?

குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாகவும், இடையில் விலகினால் இன்ன தொகை தருவதாகவும் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. அதேவேளை 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆவது பிரிவின்படி, எழுதப்பட்ட தொகை என்பது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் கோர முடியும். அதே சட்டத்தின் 27 ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் எதையும் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. எனவே, விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற வாசகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிறுவனத்தின் இரகசியங்களை எடுத்துச் சென்று கொடுப்பது வேறு குற்றம். அதற்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றுதான்: சரிபார்க்கக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு அந்தத் தாள்கள்தான் மொத்தக் குடும்பச் சொத்து. அவற்றைப் பிணையாக வைத்துக்கொள்வது கொத்தடிமை முறையின் நிழல்.

நான் ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். கல்லூரியிலிருந்து வந்தவர்களை ஓராண்டு பயிற்றுவித்தவுடன் பெரிய நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போகின்றன. எனக்கு என்ன வழி?

உங்கள் வேதனை உண்மையானது; ஊழியர் நலனைப் பேசுபவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை. முதல் ஆறு மாதத்தில் ஒரு புதியவர் ஈட்டித்தருவதைவிட அவருக்கு ஆகும் செலவு அதிகம். அவர் நிறுவனத்துக்குப் பயன்படத் தொடங்கும் நாளும், சந்தை அவரை அடையாளம் காணும் நாளும் ஏறத்தாழ ஒரே நாள். ஆனால் அவர் பக்கமிருந்து பாருங்கள்: பயிற்சி முடித்துத் தேறிய பிறகும், ஆண்டு உயர்வு வரும் ஏப்ரல் வரை அதே பயிற்சிக் காலச் சம்பளத்தில் காத்திருக்கச் சொல்லியிருப்பீர்கள். அந்த இடைவெளியில்தான் அழைப்பு வருகிறது. தேர்ச்சி பெற்ற மாதமே சம்பளத்தை உயர்த்துங்கள். பெரிய நிறுவனம் தர முடியாத ஒன்றை, அதாவது முழுப் பணியையும் ஆரம்பம் முதல் முடிவு வரை தானே செய்து பார்க்கும் வாய்ப்பை, அவருக்குக் கொடுங்கள். அதன் பிறகும் போகிறவர் போவார். நல்லபடியாக அனுப்பப்பட்டவர் பின்னாளில் வாடிக்கையாளராகவோ, அனுபவம் பெற்ற ஊழியராகவோ திரும்பி வருவதுண்டு.

வேலை நேரத்துக்குப் பிறகு வேறு வேலை செய்வது தவறா?

2022 இல் இந்தக் கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது. விப்ரோ நிறுவனத்தின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி அதை ஏமாற்று என்று பொதுவெளியில் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கண்டறியப்பட்ட 300 பேர் நீக்கப்பட்டதாகவும் தெரிவித்தார். போட்டி நிறுவனத்துக்கு ஒரே நேரத்தில் உழைப்பது நம்பிக்கை மோசடி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வார இறுதியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதையும், ஊரில் அப்பாவின் கடைக்குக் கணக்குப் பார்ப்பதையும் அதே தட்டில் வைப்பது முறையல்ல. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ஒரே வாக்கியத்தில் தடுத்துவிடுகின்றன. செய்ய விரும்புபவர் எழுத்தில் அனுமதி கேட்டுச் செய்வதே பாதுகாப்பு. இரண்டு இடத்திலும் பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டால், யூ.ஏ.என். எனப்படும் ஊழியரின் ஒரே பி.எஃப். அடையாள எண்ணில் இரண்டும் பதிவாகும் என்பதால், மறைப்பது எளிதும் அன்று.

வாரத்துக்கு 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்கிறார்களே?

இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் குறித்துப் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. இவர்கள் தாம் அப்படி உழைத்தவர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவரின் எழுபதாவது மணி நேரமும், மாதச் சம்பளக்காரரின் எழுபதாவது மணி நேரமும் ஒன்றாகா. முன்னவருக்கு அது தன் சொத்தில் சேர்கிறது. பின்னவருக்குப் பெரும்பாலும் ஒரு ரூபாயும் சேர்வதில்லை. வீட்டில் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு அலுவலகம் வரும் பெண்ணுக்கு அந்த மணி நேரங்கள் எங்கிருந்து வரும் என்பதையும் இந்தப் பேச்சுகள் கேட்பதில்லை.

1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இந்த வரம்புகள் யாரும் கருணையால் கொடுத்தவை அல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோதே நேரமும் ஒரு பிரச்சினையாக இருந்தது; 1923 மே 1 அன்று பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தச் சட்ட முன்வடிவு தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைக்கப்பட்டது; அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மே தினத்தன்று அறிவித்தார்.

வீட்டிலிருந்து வேலை செய்ய நிர்வாகம் ஏன் மறுக்கிறது?

கண்ணில் படும் ஊழியரே உழைக்கும் ஊழியர் என்ற பழைய நம்பிக்கை ஒரு காரணம். புதியவர்கள் அருகிருந்து கற்கும் வாய்ப்புப் போய்விடும் என்ற நியாயமான கவலை இன்னொன்று. தினம் மூன்று மணி நேரம் பேருந்திலும் ரயிலிலும் கழிப்பவருக்கு அந்த நேரம் சம்பளம் இல்லாத வேலை நேரமே. எந்த வேலைக்கு நேரில் வர வேண்டும் என்று வேலையை வைத்து முடிவு செய்தால் பெரும்பாலான தகராறுகள் தீரும்.

“நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள்” என்று எச்.ஆர். சொல்கிறார். என்ன செய்வது?

அந்த அறையிலேயே கையெழுத்திடாதீர்கள். யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நடந்ததை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சம்பளச் சீட்டுகளையும் ஆஃபர் லெட்டரையும் உங்கள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் ஏன் ராஜினாமாவை விரும்புகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஆட்குறைப்பு என்றால் சட்டக் கடமைகள் எழும். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்குரிய சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும் என்று 1947 ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் கூறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு என்ற சட்டமும் அதைத் தொடர்கிறது. ராஜினாமா செய்தவருக்கு இவை எதுவும் இல்லை. ஊழியரோ, பணியிலிருந்து விடுவித்ததாக நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல் போய்விடுமோ, அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது தவறாகச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் கையெழுத்திடுகிறார். இரு அச்சங்கள் சந்திக்கும் அந்த அறையில் எழுதப்படும் கடிதத்துக்கு “சொந்தக் காரணங்களுக்காக” என்று பெயர்.

மென்பொருள் பொறியாளர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர்தானா என்பது அவருடைய பதவிப் பெயரைப் பொறுத்ததன்று, உண்மையில் அவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. பிறரை மேலாண்மை செய்யாமல் தானே நிரல் எழுதுபவர், ‘சீனியர் மேனேஜர்’ என்ற அட்டையை மாட்டியிருந்தாலும் வாதிட இடமுண்டு. 2015 ஜனவரியில், பெரும் ஆட்குறைப்பு நடப்பதாகப் பேசப்பட்ட வேளையில், கர்ப்பிணியான ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதும் இதே கேள்விகள் மீண்டும் எழுந்தன. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிடுவதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. தாமதிக்காமல் செய்ய வேண்டும்.

அலுவலக ஊழியர்கள் சங்கம் அமைக்கலாமா?

அமைக்கலாம். தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2016 இல் தெளிவுபடுத்தியது. ஆனாலும் சேர்பவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தில் இருப்போம் என்று எண்ணுபவருக்கு இந்த நிறுவனத்தின் சங்கத்தில் பெரிய அக்கறை எழுவதில்லை. தம்மைத் தொழிலாளர் என்று அழைத்துக்கொள்ளவே பலர் கூச்சப்படுகிறார்கள். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரமும் சம்பள உயர்வும் கேட்டு 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. நிர்வாகத்துக்கும் சங்கத்தால் ஒரு பயன் உண்டு: எழுநூறு பேரின் குறையை எழுநூறு வதந்திகளாகக் கேட்பதற்குப் பதில், பொறுப்புள்ள ஐந்து பேரிடமிருந்து எழுத்தில் பெறலாம்.

வேலையில் சேருமுன் எதையெல்லாம் கேட்டுத் தெளிய வேண்டும்?

சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, என்று சொல்லப்படும் தொகையில் மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு, காப்பீட்டுத் தவணை, தரப்படலாம் தரப்படாமலும் போகலாம் என்ற நிலையிலுள்ள வேரியபிள் பே ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கும். கடந்த ஆண்டு வேரியபிள் பே எத்தனை விழுக்காடு கொடுக்கப்பட்டது என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு முடித்தால்தான் கிடைக்கும். இரண்டாண்டில் மாறும் எண்ணமிருந்தால் அதை வருமானமாகக் கணக்கிட வேண்டாம். ஷிஃப்ட் நேரம், இரவுப் பணிக்கு வாகன வசதி, விடுமுறை நாளில் அழைத்தால் அதற்கு ஈடு, நோட்டீஸ் பீரியட், விலகினால் கணக்கு எத்தனை நாளில் தீர்க்கப்படும் ஆகியவற்றையும் கேளுங்கள். ஊதியத் தொகுப்பு என்ற புதிய சட்டத்தின்படி, நீங்கள் ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும்.

நேர்காணலின் முடிவில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று அவர்கள் கேட்கும்போது, இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலையும், பதில் வருவதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.